கடைசியாகச் சாப்பிடுவது யார்?

நேற்று ஒரு பேராசிரியருக்குப் பாராட்டு விழா என்று என் நாத்தனார் மகள் என்னைப் பத்து பெரெண்டாம் என்கிற ஊர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்குப் போக இஷ்டமே இல்லை. முழங்கால் வலி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். மண்டபத்தில் காற்றாடிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்ததுதான் மிச்சம். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் சமூகவியல் படித்துக் கொடுத்தவராம். காலமெல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தவராம். ஒவ்வொருவராக மேடையேறிப் பொன்னாடை போர்த்தப் போர்த்த, மனிதர் கழுத்துவரைக்கும் துணிக்குள் புதைந்துபோனார். வேர்த்து ஊற்றியது, பாவம். ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்பு. வாங்கட்டும், உழைத்த மனிதர்.

"என்ன அத்தை, தூக்கமா?" என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார் மகள்.

"ஆமாம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. சமூகவியல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனை வந்துவிட்டது. அதை இவளிடம் சொன்னால் புரியவா போகிறது?

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் சமூகவியல்தான். வட இந்தியாவில் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். மகளுக்குப் பிரசவம் என்று கப்பலேறி மலாக்காவுக்கு வந்தார். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் சண்டை வந்துவிட்டது. கப்பல் நின்றுபோனது. மனிதர் இங்கேயே மாட்டிக்கொண்டார்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது அரிசி வரிசையில். விடியற்காலையிலிருந்து கால்கடுக்க நின்று, ஒரு பிடி புழுத்த அரிசிக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தோம். சட்டை பித்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு, வெள்ளைத் தலையோடு ஒரு ஒல்லியான ஆள் என் பக்கத்தில் வந்து நின்றார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நேராகக் கேட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டில கடைசியா சாப்பிடுறது யாரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாப்பாடே இல்லாத காலத்தில் கேட்கிற கேள்வியா இது!

"ஏன், நீங்க வந்து பரிமாறப் போறீங்களா?" என்றேன்.

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். கோபமே வரவில்லை. "நல்ல வாய்" என்று தலையை ஆட்டிவிட்டு, "உனக்கு மலாய் பேச வருமா அம்மா?" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஏன் போனேன் என்று கேட்டால், வேறு என்ன செய்வது? பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். எண்ணெய் இல்லாமல் பஸ் நின்று, அவரும் வேலையில்லாமல் நின்றார். இரண்டு பேரும் நாள் முழுக்கக் கிழங்கை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலாம் என்று போனேன். அலுப்புத்தான். ஊர் முழுக்க அலுப்பு. சோப்பு இல்லை, துணி இல்லை, உப்பு கிடைத்தால் திருநாள். முச்சந்தியில் நிற்கிற ஜப்பான்காரனுக்குக் குனிந்து குனிந்து முதுகே வளைந்துவிட்டது. அதற்கு நடுவில் ஒரு மனிதர் வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் யார் முதலில் உட்காருகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், குழம்புச் சட்டியின் அடி யாருக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டு திரிந்தால் என்ன சொல்வது? கேட்டுவிட்டு அடுப்பங்கரைவரைக்கும் வந்து சட்டி மூடியைத் திறந்து வேறு பார்ப்பார். சில வீட்டில் கரண்டியை ஓங்கினார்கள்.

அவருக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. யார் வீட்டுக்குள்ளும் காகிதம், பென்சில் கொண்டுபோக மாட்டார். "எழுதுற கையைப் பார்த்தா பேசுற வாய் மூடிக்கும்" என்பார். எல்லாம் மண்டைக்குள்தான். ஒரு தடவை போன வீட்டை மறக்கவே மாட்டார். யார் மருமகள் எந்த ஊர், எந்தப் பையனுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். "பதில் சொல்லாட்டிப் பரவாயில்லை அம்மா. பொய் மட்டும் வேணாம். பொய் சொல்றாங்கன்னா அது என் கேள்வியோட தப்பு" என்பார். பொய்யென்றால் அவருக்கு அப்படி ஒரு அருவருப்பு. தன் பேரக்குழந்தைக்கு நிலா வரும், சோறு சாப்பிடு என்றுகூடச் சொல்ல மாட்டார்.

அவருக்கு மிகப் பிடித்த வீடு, பக்கத்தில் செட்டிகள் குடியிருந்த கம்பத்து பீபிக்கின் வீடு. மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நெற்றியில் திருநீறு இருக்கும், வாயைத் திறந்தால் மலாய். பெண்கள் மலாய்க்காரிகள் மாதிரி கெபாயாச் சட்டை போடுவார்கள். பீபிக் என்றால் வயதான அம்மாள்களைக் கூப்பிடுகிற மரியாதைப் பெயர். இந்த பீபிக்குக்குத் தமிழ் ஐந்தாறு சொல்தான் தெரியும். அவரைப் பார்த்ததும் "துவான் தாஞா வந்தாச்சு" என்று கூப்பாடு போடுவாள். தாஞா என்றால் மலாயில் கேட்பது. கேள்விக்காரத் துரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார், நான் மலாயில் சொன்னேன். பீபிக் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கடைசி யாருன்னு எனக்குத் தெரியாது. முதல்ல சாப்பிடுறது செத்துப்போனவங்க" என்றாள். அவர்கள் வீட்டில் பொங்கலுக்கு முன்னால் முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பர்ச்சூ என்று அதற்குப் பேர். படைத்துவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் உயிரோடு இருக்கிறவர்கள் ஓரமாகக் காத்திருக்க வேண்டும். "இந்த வருஷம் கிழங்குதான் படைச்சேன். பழைய ஆளுங்க என்ன திட்டுத் திட்டினாங்களோ!" என்று பீபிக் சிரித்தாள்.

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு வாரம் கால் தரையில் படாமல் நடந்தார். கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டு ஆண்கள் கட்டுகிற தலப்பாவைப் பற்றி வேறு பிடித்துக்கொண்டார். பாத்திக் துணியை மடித்து மடித்துக் கட்டுவது அது. பீபிக் தன் புருஷன் கட்டின தலப்பாவைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். தொடவிட மாட்டாள். தூரத்தில் வைத்துக் காட்டுவாள். எந்த மடிப்பு முதல், எந்த முனை வலப்பக்கம் வர வேண்டும், யார் கையால் எடுத்து வைக்க வேண்டும் என்று இவர் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினார். "அப்பா லாகி டியா மாவ் தாஞா?" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். இன்னும் என்னதான் கேட்கணுமாம் இந்த ஆளுக்கு என்று அர்த்தம். ஆனால் இரண்டு நாள் அவர் வராவிட்டால் ஏன் காணோம் என்று அவளே என்னைக் கேட்பாள்.

அப்புறம் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க ஆரம்பித்தான்.

முதலில் வேலை என்றார்கள், அரிசி என்றார்கள், நாலு மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அப்புறம் சொல்லிக்கொண்டு பிடிப்பதை விட்டுவிட்டு, ரோட்டுச் சடக்கில் நடந்துபோகிற ஆம்பிளைகளை லாரியில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் பரணில் ஏறினார். ஏறினவர் இறங்கவில்லை. சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டார் என்று ஊரில் சொல்லிவிட்டேன். பகலெல்லாம் அசையாமல் ஒருக்களித்துக் கிடப்பார். அக்கம்பக்கம் அடங்கி, நான் சாப்பிட்டு, சட்டியைக் கழுவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. தும்மல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்வார். எனக்கு அந்த நாள்களில் எதன்மீதும் ஆசை இல்லை. தூங்கினால் போதும் என்று இருந்தது. தூக்கமும் வராது.

அப்படி ஒரு நாள் பேராசிரியர் என் வீட்டுக்கு வந்தார். அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, பழக்க தோஷம், கேட்டுவிட்டார்.

"உங்க வீட்டில இப்ப கடைசியா சாப்பிடுறது யாரு அம்மா?"

"நான் ஒருத்திதானே ஐயா இருக்கேன். நானே முதல், நானே கடைசி" என்றேன்.

அவர் கண் அடுப்புப் பக்கம் போனது. அங்கே நான் சாப்பிட்டுக் கழுவின மங்குக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு மங்கு, தட்டு போட்டு மூடினபடி, சூடு ஆறாமல் இருந்தது.  எந்தச் சட்டியையும் திறந்து பார்க்காமல் போகாத மனிதர், அன்றைக்கு அந்தத் தட்டைத் தொடவில்லை. மேலேயும் பார்க்கவில்லை.

"சரிம்மா. தப்பான கேள்வி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இப்படி அவருக்குத் தெரிந்தது என் வீடு மட்டும் இல்லை. எந்த வீட்டில் எந்த மங்கு மூடியிருக்கிறது என்பது அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

அது எங்களுக்குத் தெரிந்த மாதிரி எங்கள் பகுதித் தலைவருக்கும் தெரிந்தது. முன்னே எங்கோ தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவர் அவர். ஜப்பான்காரன் வந்ததும் கையில் பட்டை கட்டிக்கொண்டு தலைவரானார். ஒரு மத்தியானம் அவர் பேராசிரியருடைய மகள் வீட்டு முன்கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். பிள்ளைக்குத் துணி தைப்பதற்காகப் பழைய சீலை கிழித்துக்கொண்டு நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஐயா, நீங்க படிச்சவங்க, சுத்தி வளைக்கலை" என்றார் தலைவர். "இந்தக் கம்பத்தில எந்த வீட்டில ஆம்பிளைங்க ஒளிஞ்சிருக்கானுங்கன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆள் வேணும். நான் கொடுக்கலைன்னா என் தம்பியைத் தூக்கிட்டுப் போயிருவானுங்க. கெஞ்சித்தான் கேக்குறேன். இன்னைக்கு நான் கேக்குறேன், நாளைக்கு அவனுங்க வந்து கேட்டா இப்படிக் கேக்க மாட்டானுங்க."

நான் கையில் இருந்த சீலையைக் கிழிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. துவான் தாஞாவுக்குத் தெரியாது என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? பொய்க் கணக்குச் சொன்னால், நாளைக்கு ஒருத்தன் அகப்பட்டாலும் மகள் குடும்பத்தையே பிடித்துக்கொண்டு போவார்கள். உண்மையைச் சொன்னால் என் தாலி.

அவர் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு முகம் தளர்ந்தது. "சாப்பிட்டாச்சா?" என்றார்.

"என்ன ஐயா?"

"நீங்க... யாரு? கப்பல் ஆபீஸ்லேருந்து வர்றீங்களா?"

அக்கா பதறி, "அப்பா, இவங்க நம்ம தலைவர்பா" என்றாள். அவர் மகளையும் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தலைவர் திரும்பத் திரும்ப வேறு வேறு மாதிரி கேட்டார். இவர் கப்பல் எப்போது என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவர் எழுந்து, "நாளைக்கு வர்றேன்" என்று போனார்.

மறுநாள் கிணற்றடியில் நான் மட்டும் இருந்தபோது பேராசிரியர் வந்தார். குரல் தெளிவாக இருந்தது, பழைய குரல்.

"இனிமே உன்னை எங்கேயும் கூப்பிட மாட்டேன் அம்மா. நீயும் என்கிட்ட ஒண்ணும் கேக்காதே. என் பொண்ணுக்குச் சொல்லாதே. அவளுக்கு மூடி வைக்கத் தெரியாது, முகத்தில எழுதி ஒட்டியிருக்கும்."

"எத்தனை நாளைக்கு ஐயா?"

"அவங்க இருக்கிறவரைக்கும்."

"பொய்யே பிடிக்காதே ஐயா உங்களுக்கு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என் பிள்ளைங்களுக்குக் காலமெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்குள்ள விட்டவங்களை வெளியில விக்காதே. மத்ததெல்லாம் புஸ்தகத்தில இருக்கு" என்றார். அவர் பிள்ளைகள் என்று சொன்னது மாணவர்களை. சொல்லிவிட்டு, என் குடத்தைப் பார்த்து, "இது யாருடைய குடம்?" என்று உரக்கக் கேட்டபடி நடந்து போனார். பின்னால் யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் கேள்வி நின்றது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். வேறு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தன் வீடு என்பார். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே போய்க் கேலி செய்தன. கரண்டியை ஓங்கின வீட்டுக்காரிகளே, "ஐயோ பாவம், எப்படி இருந்த மனுஷன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். எனக்கு அவரைப் பார்க்கவே முடியாது. பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வேன். என் புருஷன் பரணில் மூச்சுவிடுவதற்கு இந்த மனிதர் தெருவில் பைத்தியமாக அலைகிறார் என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது.

அக்கா பாடுதான் பெரும்பாடு. அவள் ஒரு நாள் என்னிடம் அவருடைய கோட்டைக் காட்டினாள். கழுத்து மூடின கறுப்புக் கோட்டு. அவர் ஓய்வு பெற்றதற்குப் பல்கலைக்கழகத்தில் பெரிய விழா வைப்பதாக இருந்தார்களாம். மலாக்காவிலிருந்து திரும்பினதும் என்று ஏற்பாடு. அதற்காகவே தைத்த கோட்டு. வரும்போது கையோடு கொண்டு வந்திருக்கிறார், மகளிடம் போட்டுக் காட்டுவதற்கு.

"அந்த விழாவை இங்க வச்சிட்டா என்னலா?" என்றாள் அக்கா. "பழசையெல்லாம் எடுத்துச் சொன்னா அப்பாவுக்கு ஞாபகம் வந்துராதா?"

 ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தவள் நான். "எதுக்குக்கா இந்த நேரத்தில" என்றேன். அவள் கேட்கவில்லை. பீபிக் தன் வீட்டுக் கூடத்தைத் தருகிறேன் என்றாள். நாலு பேர் கூடினாலே தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டிய காலம். "தாராளமா வைங்க, நானும் வர்றேன்" என்றார் அவர். இத்தனை நாளாகியும் அந்த ஆளுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் மறுபடியும் லாரி வரப் போகிறது என்று பேச்சு.

காலையிலேயே விழா. கோரைப்பாய் விரித்து, அவருக்கு மட்டும் நாற்காலி. கறுப்புக் கோட்டு தொளதொளவென்று தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தார். தலைவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். எல்லாருக்கும் இலையில் அவித்த கிழங்கும் தேங்காய்த் துருவலும் வைத்தோம். அவர் கையிலும் ஒரு இலை.

அக்கா எழுந்து பேசினாள். மேடைப் பேச்சு இல்லை, மகள் பேச்சு. "எங்கப்பா வேலைக்குப் போறப்ப அங்க இந்தப் படிப்புக்கு ஒரு மேசையும் ஒரு உடைஞ்ச அலமாரியும்தான் இருந்துச்சு. அதைப் பெரிய துறையா ஆக்கினது அவர்தான். பக்கத்துக் கிராமமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஃபீஸ் கட்ட முடியாத பசங்க எங்க வீட்டில்தான் இருப்பாங்க" என்றாள். பிறகு மாணவர் விடுதியைப் பற்றிச் சொன்னாள். அங்கே சாதிக்கொரு பந்தியாம். கடைசிப் பந்திக்கு வருகிற பையன்களுக்குச் சட்டியின் அடிதான். பெரியவர்கள் கூடின கூட்டத்தில் இவர் எழுந்து, நம் விடுதியில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று கேட்டாராம்.  அடுத்த நாளிலிருந்து இவர் தினமும் போய் அந்தக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். எல்லாப் பந்தியும் ஒன்றாகிறவரைக்கும். அதற்கு வருஷங்கள் ஆனதாம்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிழங்கை மென்றுகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைவாயில் துருவல் ஒட்டியிருந்தது.

"அப்பா, உங்களைப் பத்தித்தான்பா சொல்றேன்" என்று அக்கா அவர் முன்னால் மண்டி போட்டாள். "ஞாபகம் வருதா?"

"யாருக்கு விழா?" என்றார் அவர். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் கை மட்டும் இலையின் ஓரத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். தலைவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் பீபிக் உள்ளேயிருந்து வந்தாள். பொன்னாடைக்கு எங்கே போவது? துணியே இல்லாத ஊர். அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தது அந்தத் தலப்பாவை, தன் புருஷனுடையதை. யாரையும் தொடவிடாததை எங்கள் எல்லார் முன்னாலும் அவர் தலையில் வைத்தாள்.

அவர் முகம் மாறிவிட்டது. விளக்கைத் தூண்டிவிட்ட மாதிரி கண்ணில் வெளிச்சம் வந்தது. அவர் கை தானாக மேலே போய், வலப்பக்கத்து முனையைத் தேடி, சரியாக அந்தக் கடைசி மடிப்பின்மேல் நின்றது. வாய் திறந்தது. கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை நாள் ஆசை! இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்திருக்கும். தலைவர் பாயிலிருந்து முன்னுக்குச் சாய்ந்தார்.

பேராசிரியர் தலப்பாவை உருவி எடுத்தார். மடிப்பெல்லாம் குலைந்து துணியாகத் தொங்கியது. அதால் வாயைத் துடைத்தார். அப்புறம் மூக்கைச் சிந்தினார். சிந்திவிட்டுச் சுருட்டித் தரையில் போட்டார்.

 செட்டி வீட்டுக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவர் பெருமூச்சு விட்டு, "முடிஞ்சுபோச்சு, பாவம். இந்த ஆள்கிட்ட இனி என்னத்தைக் கேக்குறது" என்று இலையை மடித்தார். அதற்கப்புறம் அவர் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அந்த வாரம் லாரி வந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் ஆள் எடுக்காமல் செமாபோக் பக்கம் போய்விட்டது. அங்கே யார் வீட்டில் என்ன நடந்ததோ.

எல்லாரும் போனபிறகு பீபிக் குனிந்து அந்தத் துணியை எடுத்தாள். நான் அவள் காலில் விழாத குறை. "பீபிக், மனசில வச்சுக்காதீங்க" என்றேன். அவள் அதை உதறி மெதுவாகத் தண்ணீரில் போட்டாள். "டியா தாவு" என்றாள். அவருக்குத் தெரியும் என்று அர்த்தம். "கை எங்க போச்சுன்னு பார்த்தேன். தெரியாத கை அங்க போகாது." 

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஜப்பான்காரன் உடனே போகவில்லையே. அவர் தினமும் மறந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. காலையில் எழுந்து மறக்க வேண்டும், மகள் முகத்தை மறக்க வேண்டும், பேரப்பிள்ளை ஓடி வந்தால் யார் இது என்று கேட்க வேண்டும். முதலில் எல்லாம் கிணற்றடியில் தனியாகப் பார்த்தால் கண்ணாலேயே ஒரு சிரிப்புச் சிரிப்பார். அப்புறம் அந்தச் சிரிப்பைக் காணோம். பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறார்போல என்று நான் நினைத்துக்கொண்டேன். நடிப்பு எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. 

சண்டை முடிந்தது என்று ஊர் கூத்தாடிய அன்றைக்கு நான் ஓடினேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "ஐயா, போய்ட்டானுங்க. இனி பேசலாம் ஐயா" என்று கையைப் பிடித்து உலுக்கினேன். "சரிம்மா" என்றார். "கப்பல் எப்போ?" என்றார்.

நடந்ததையெல்லாம் அக்காவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளே போய் அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் வருவதற்கு மறு வருஷம் ஆகிவிட்டது. அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக அக்காவின் வீட்டுக்காரர் தயாரானார். நானும் என் வீட்டுக்காரரும் விடைபெறப் போனோம். பரணில் கிடந்து கிடந்து அவர் முதுகு கூனிவிட்டது. அப்போதுகூட நிமிர்ந்து நடக்கத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். பேராசிரியர் கோட்டுப் போட்டு, பித்தானை மேல்வரைக்கும் பூட்டி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். பீபிக்கும் வந்திருந்தாள். துவைத்து மடித்த அந்தத் தலப்பா அவர் மடியில் இருந்தது, அவள் கொடுத்ததுதான். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் குனிந்து காலைத் தொட்டேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். 

"நீ யாரம்மா?" என்றார். நான் பேர் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு, வெகு மரியாதையாக, புதிதாக ஒரு வீட்டுப் படியேறுகிறவர் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"உங்க வீட்டில கடைசியா சாப்பிடுறது யாரு?"

ஒரு தடவை வாயாடினேன், ஒரு தடவை பொய் சொன்னேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இவருதான் ஐயா" என்றேன்.

பேராசிரியர் அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். கூன் விழுந்த முதுகைப் பார்த்தார். முகத்தில் ஒரு கவலை வந்தது, எல்லார் வீட்டுக்கும் படுகிற அந்தப் பழைய கவலை.

"ஏன் தம்பி," என்றார், "உங்களுக்கு அவ்வளவு வேலையா?"

 என் வீட்டுக்காரர் அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆமாம் ஐயா," என்று நான்தான் சொன்னேன், "ரொம்ப வேலை."